ஸ்போர்ட்ஸ் காரை இழுக்க எந்த ட்ரக்? கணக்கை டிரெய்லரிலிருந்து தொடங்குங்கள்

நான் வாங்கிய முதல் பிக்அப் ட்ரக்கின் விளம்பரத் தாளில் 4,100 கிலோ இழுக்கும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. என் மூடிய டிரெய்லர், உள்ளே கார், தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்த்து 3,400 கிலோ. இன்னும் 700 கிலோ மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக வாங்கிவிட்டேன். முதல் இரவுப் பயணத்தில் எதிரே வந்த வண்டிகள் ஒன்றுவிடாமல் எனக்கு லைட் அடித்துக் காட்டின. டிம்மில்தான் போய்க்கொண்டிருந்தேன். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால், ட்ரக் பின்பக்கம் குந்தி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. வெளிச்சம் எதிரில் வருபவர் கண்ணுக்கு நேராகப் போயிருக்கிறது.

மறுநாள் எடைமேடையில் ஏற்றினேன். இழுவை எடை வரம்புக்குள்தான் இருந்தது. ஆனால் ட்ரக் தன் முதுகில் தாங்கிய எடை அனுமதியைவிட 180 கிலோ அதிகம். எவ்வளவு இழுக்கும் என்று கேட்டவன், எவ்வளவு சுமக்கும் என்று கேட்கவே இல்லை. ஸ்போர்ட்ஸ் கார் இழுக்க ட்ரக் தேடுபவர்களில் பாதிப் பேர் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையைத் தலைகீழாக வைத்திருக்கிறேன்: முதலில் கார், அப்புறம் டிரெய்லர், அதன் பாரம், எல்லாம் முடிந்த பிறகு ட்ரக்.

படி 1: காரின் உண்மையான எடை

ஸ்போர்ட்ஸ் கார் என்றால் லேசாகத்தான் இருக்கும் என்று ஒரு நினைப்பு உண்டு. மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற சிறிய ரோட்ஸ்டர் 1,100 கிலோவை ஒட்டி வரும். இப்போதைய போர்ஷே 911 கரேரா 1,500 கிலோவைத் தாண்டும். ஷெவர்லே கார்வெட் சி8, எரிபொருளும் ஆயிலும் ஊற்றினால் 1,600 கிலோவுக்கு மேல். நிசான் ஜிடி-ஆர் சுமார் 1,750. சிறியதற்கும் பெரியதற்கும் இடையே 600 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருப்பதால், பொத்தாம்பொதுவாக "ஒன்றரை டன்" என்று போட்டுக் கணக்கிடாதீர்கள். விளம்பரங்களில் திரவங்கள் எதுவும் இல்லாத உலர் எடையைப் போடும் வழக்கமும் இருக்கிறது. முடிந்தால் காரையே ஒரு முறை எடைமேடையில் ஏற்றிவிடுங்கள்.

பிறகு கூட வரும் சாமான். பந்தயத் தடத்துக்குப் போகிறவர் என்றால் மாற்று டயர் ஒரு செட் மட்டுமே 80 முதல் 100 கிலோ. ஜாக், கருவிப்பெட்டி, எரிபொருள் கேன்கள், ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து 200 கிலோ ஆகும். மூடிய டிரெய்லர் வைத்திருப்பவருக்கு 400 கூட ஆகும், ஏனென்றால் இடம் இருந்தால் சாமான் தானாக வந்து சேரும்.

படி 2: திறந்த டிரெய்லரா, மூடியதா?

ட்ரக்கின் அளவைத் தீர்மானிப்பது கார் என்பதைவிட இந்தக் கேள்விதான். திறந்த அலுமினிய டிரெய்லர் 600 கிலோவில் கிடைக்கும். அதே அளவு இரும்பில் 800 முதல் 1,000 வரை. மூடிய பெட்டி டிரெய்லர் 20–24 அடி நீளத்தில் 1,400 கிலோவில் தொடங்கி, உள்ளே அலமாரி, விளக்கு, வின்ச் (கம்பியைச் சுற்றி இழுக்கும் கருவி) என்று சேர்த்தால் 2,000 வரை போகும். அதாவது பெட்டியே காரைவிடக் கனமாகிவிடலாம்.

எடை மட்டும் பிரச்சினை இல்லை. மூடிய டிரெய்லரின் முகப்பு ஒரு சுவர். எட்டரை அடி அகலம், எட்டடி உயரம் என்றால் 68 சதுர அடிப் பலகையைக் காற்றுக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. சில ட்ரக்குகளின் கையேட்டில் டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கே ஒரு வரம்பு போட்டிருப்பார்கள். எடை வரம்பை மட்டும் பார்த்துவிட்டு அதைத் தவற விடுகிறோம். அந்தப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள்.

டிரெய்லர் வாங்கும்போதே காரின் உடம்பையும் யோசியுங்கள். தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கும் முன்பக்கம், செங்குத்தான சாய்தளத்தில் ஏறும்போது முதலில் இடிபடுவது அதுதான். தளம் 60 செ.மீ. உயரத்தில் இருந்து, சாய்தளம் ஒன்றரை மீட்டர் நீளம் என்றால் சரிவு 23 டிகிரிக்கு மேல். எந்த ஸ்போர்ட்ஸ் காரும் அதில் ஏறாது. அதையே மூன்றரை மீட்டருக்கு நீட்டினால் 10 டிகிரிக்குள் வந்துவிடும். நீள சாய்தளம் வையுங்கள், அல்லது தளமே சாயும் வகை டிரெய்லரைப் பாருங்கள்.

இன்னொன்று கதவு. மூடிய டிரெய்லரின் உள்ளே சக்கர மூடிகளுக்கு நடுவே சுமார் 2.1 மீட்டர் அகலம் இருக்கும். கார்வெட் 1.93 மீட்டர். கதவைத் திறக்க எங்கே இடம்? காரை அழகாக உள்ளே ஓட்டிவிட்டு, ஜன்னல் வழியாக ஊர்ந்து வெளியே வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓட்டுநர் பக்கம் அவசரக் கதவு வைத்த டிரெய்லரோ, கழற்றக்கூடிய சக்கர மூடியோ, காரை உள்ளே இழுக்க ஒரு வின்ச்சோ அவசியம்.

படி 3: முன்பாரம், பின்பாரம்

வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் வண்டி முன்னால் அழுந்தும், பின்பாரம் கூடினால் தூக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். டிரெய்லரின் முன்முனை ட்ரக்கின் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் இணைப்பு) மேல் அழுத்தும் எடையை டங் வெயிட் என்கிறார்கள். நாம் முன்பாரம் என்றே வைத்துக்கொள்வோம்.

ஏற்றிய டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்பாரமாக இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்காவில் பொது விதி. ஐரோப்பாவில் வேக வரம்பும் டிரெய்லர் அமைப்பும் வேறு. அங்கே 5 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். உங்கள் ட்ரக்குக்கும் டிரெய்லருக்கும் எந்தக் கையேடு வந்ததோ அதைப் பின்பற்றுங்கள். முன்பாரம் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆரம்பித்தபின் அடக்குவது கஷ்டம். கூடினால் என் முதல் ட்ரக் மாதிரி குந்தும்.

இங்கேதான் ஸ்போர்ட்ஸ் கார் மற்ற சுமைகளிலிருந்து வேறுபடுகிறது. 911-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் பின்னால். எடையில் ஏறத்தாழ 39 சதவீதம்தான் முன் சக்கரங்களில். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள சக்கர இடைவெளி 2.45 மீட்டர். மற்ற கார்களைப் போல மூக்கு முன்னால் இருக்கும்படி ஏற்றினால் பாரம் பின்னால் போய்விடும். அதே காரைத் திருப்பி, பின்பக்கம் முன்னால் வரும்படி, சக்கரங்கள் அதே இடத்தில் நிற்கும்படி ஏற்றினால் அதன் எடை மையம் சுமார் 54 செ.மீ. முன்னால் நகரும். கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 4.5 மீட்டர் என்று வைத்தால், 1,500 கிலோ காருக்கு முன்பாரத்தில் 180 கிலோ வித்தியாசம்! திருப்ப வேண்டாம், காரை 20 செ.மீ. முன்னே தள்ளினாலே 65 கிலோவுக்கு மேல் கூடிவிடும். நடுவில் எஞ்சின் வைத்த கார்களுக்கும் இதே கவனம் தேவை, அளவு மட்டும் கொஞ்சம் குறைவு.

முன்பாரத்தை வீட்டிலேயே அளக்கலாம். உடல் எடை பார்க்கும் மெஷின் 150 கிலோவுக்கு மேல் தாங்காது என்பதால் ஒரு பலகையை நெம்புகோலாகப் பயன்படுத்துங்கள். பலகையின் ஒரு முனையைத் தரையில் வைத்த இரும்புக் குழாய் மேலும், மறுமுனையை மெஷின் மேல் படுத்திருக்கும் இன்னொரு குழாய் மேலும் வையுங்கள். டிரெய்லர் கொக்கியைத் தாங்கும் கட்டை, தரைக் குழாயிலிருந்து 30 செ.மீ. தள்ளியும் மெஷினிலிருந்து 60 செ.மீ. தள்ளியும் பலகை மேல் உட்காரட்டும். மெஷின் காட்டுவதை மூன்றால் பெருக்கினால் முன்பாரம். டிரெய்லர் சமமட்டமாக நிற்கவேண்டும், சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்திருக்க வேண்டும், பலகை கனமான மரமாக இருக்க வேண்டும். இதில் அவசரம் வேண்டாம், கால் நசுங்கும்.

படி 4: ட்ரக்கின் எண்கள், எங்கே எது எழுதியிருக்கிறது

இப்போது ட்ரக்குக்கு வருவோம். ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தை ட்ரக் என்றால் டயர் அழுத்தத் தகவலுடன் "ஆட்களும் சுமையும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது" என்று ஒரு எண் இருக்கும். அதுதான் பேலோடு. விளம்பரத் தாளில் உள்ளது அந்த மாடலில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. கதவில் உள்ளது இந்தக் குறிப்பிட்ட வண்டியின் அளவு. சன்ரூஃப், தோல் இருக்கை, நான்கு சக்கர இயக்கம் என்று வசதி கூடக்கூட கதவு எண் குறைந்துகொண்டே வரும். ஒரே பெயர் கொண்ட இரண்டு ட்ரக்குகளுக்கு நடுவே 300 கிலோ வித்தியாசம் வருவது சகஜம். சந்தையைப் பொறுத்து ஓட்டுநர் எடை கணக்கில் சேர்ந்திருக்கும், சேராமலும் இருக்கும், கையேட்டில் பாருங்கள்.

என் பழைய கணக்கை அப்படியே போடுகிறேன். கதவு எண் 640 கிலோ. நான்கு பேர் 310. 3,400 கிலோ டிரெய்லரின் முன்பாரம் 12 சதவீதம் என்றால் 408. ஹிட்ச் சாதனம் 45. பின்தளத்தில் கிடந்த கருவிகள் 60. மொத்தம் 823. இழுவை வரம்பில் 700 கிலோ மிச்சம் இருக்கும்போதே பேலோடு எப்போதோ தீர்ந்துவிட்டது.

அடுத்து பின் அச்சின் வரம்பு. ஹிட்ச் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குவதால், வைத்த எடையைவிட அதிகம் பின் அச்சில் இறங்கும். அச்சிலிருந்து ஹிட்ச் 1.2 மீட்டர் தள்ளி, சக்கர இடைவெளி 3.7 மீட்டர் என்றால், 400 கிலோ முன்பாரம் பின் அச்சில் 530 கிலோவாக இறங்கும். அந்தக் கூடுதல் 130 கிலோ முன் அச்சிலிருந்து கழிந்துவிடும். ஸ்டீயரிங் லேசாவதும், முன் பிரேக் பிடிமானம் குறைவதும், லைட் மேலே பார்ப்பதும் எல்லாம் அதனால்தான்.

மூன்றாவது, ட்ரக்கும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த வரம்பு. ஒரு டன் வகை எனப்படும் நடுத்தரப் பிக்அப்களில் இது சூழ்ச்சி மாதிரி ஒளிந்திருக்கும். டொயோட்டா ஹைலக்ஸ், ஃபோர்டு ரேஞ்சர், இசுசு டி-மேக்ஸ் மூன்றுக்கும் பல சந்தைகளில் பிரேக் உள்ள டிரெய்லர் 3,500 கிலோ வரை அனுமதி. ட்ரக்குக்கே 3,200 கிலோ வரை எடை அனுமதி, கூட்டு வரம்பு 6,000 என்று ஒரு வண்டி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் முழுதாக நிரப்பினால் 6,700. ஆகவே 3,500 இழுக்கும்போது ட்ரக் 2,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். ஆளும் டீசலும் ஏறினால் அதுவே நிரம்பிவிடும். ஒன்று இழுக்கலாம், அல்லது சுமக்கலாம். இரண்டையும் முழுசாகச் செய்ய விடாது.

நான்காவது ஹிட்ச் ரிசீவரில், அதாவது ட்ரக்கின் பின்னால் ஹிட்சைச் செருகும் சதுரக் குழலில், குத்தியிருக்கும் எண். ட்ரக் 4,000 இழுக்கும், ரிசீவர் 2,300 தான் தாங்கும் என்றால் உங்கள் வரம்பு 2,300. சில ரிசீவர்களில் எடை பகிரும் ஹிட்ச் (படி 7-இல் வருகிறது) போட்டால் ஓர் எண், போடாவிட்டால் அதில் பாதி என்று இரண்டு எண்கள் இருக்கும்.

இந்த எண்களில் எது முதலில் தீர்கிறதோ அதுவே உங்கள் ட்ரக்கின் உண்மையான திறன். நான் எல்லாவற்றிலும் 15 முதல் 20 சதவீதம் மிச்சம் வைப்பேன். இது என் வழக்கம், சட்டம் இல்லை.

விளம்பர எண்ணை நம்பலாமா என்று கேட்பீர்கள். ஓரளவு. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு எண் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு எஸ்.ஏ.இ. என்ற வாகனப் பொறியாளர் அமைப்பின் ஜே2807 என்ற பொதுச் சோதனை முறை வந்தது. அதை முதலில் ஏற்றது டொயோட்டா, 2011 மாடல் டண்ட்ராவில். முன்பு சொன்ன இழுவை எண்ணைக் குறைத்தே வெளியிட்டது. அந்தச் சோதனையில் ஒரு பகுதி அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகே உள்ள மேட்டை அடிப்படையாகக் கொண்டது: 11.4 மைல், அதாவது 18 கி.மீ. ஏற்றம், வெயிலில், ஏசி முழுதாக ஓட, சாதாரண ட்ரக் மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக் கூடாது. கடினமான சோதனைதான். ஆனால் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டும் வண்டியில் இருப்பதாக வைத்து எடுத்த எண் அது. உங்கள் குடும்பமும் கருவிப்பெட்டியும் அதில் இல்லை.

படி 5: எஞ்சின், பின் அச்சு விகிதம், நீளம்

எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம், ஆனால் ஒரு காரை இழுக்க இன்றைய டர்போ பெட்ரோல் எஞ்சின்கள் தாராளம். மலைப் பகுதியில் அடிக்கடி போவீர்கள் என்றால் மட்டும் கவனியுங்கள்: டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 10 சதவீத சக்தியை இழக்கும். டர்போ அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். டீசலின் அருமை ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் தெரியும். எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வெளியேறுவதைத் தடுத்து எஞ்சினாலேயே வேகம் குறைக்கும் அமைப்பு) உள்ள டீசல் ட்ரக், நீண்ட இறக்கத்தில் காலை பிரேக்கில் வைக்காமலே வேகத்தைப் பிடித்து வைக்கும்.

டீசலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. எஞ்சினே கனம். ராம் 2500 போன்ற, முக்கால் டன் எனப்படும் சில பெரிய ட்ரக்குகளில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்ட், அதாவது 4,536 கிலோவில் கட்டப்பட்டிருக்கும். அதற்குள் டீசல் எஞ்சின், நான்கு கதவு, நான்கு சக்கர இயக்கம், உயர்ரக இருக்கை எல்லாம் சேர்ந்தபின் மிஞ்சும் பேலோடு, அதே ட்ரக்கின் பெட்ரோல் வகையைவிடக் குறைவு. பெரிய ட்ரக் வாங்கியாச்சு, கணக்கெதற்கு என்று இருந்துவிடாதீர்கள்.

பின் அச்சின் பல் விகிதம், அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பது, யாரும் கேட்காத கேள்வி, ஆனால் முக்கியம். ஒரே எஞ்சின், ஒரே உடம்பு, விகிதம் 3.21-க்குப் பதில் 3.92 என்றால் இழுவை எண் ஆயிரம் கிலோ வரை கூடக் கூடும். ஃபோர்டு எஃப்-150-இன் 2021 மாடல் சரியான எஞ்சினும் இழுவைப் பொதியும் (இழுப்பதற்கென்று தொழிற்சாலையில் சேர்க்கும் பாகங்களின் தொகுப்பு) சேர்ந்தால் 14,000 பவுண்ட், சுமார் 6,350 கிலோ இழுக்கும் என்றார்கள். அதே ஆண்டின் அடிப்படை எஞ்சின் வகை அதற்கு வெகு கீழே. "எஃப்-150 வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் அதிலிருந்து ஒன்றுமே தெரியவில்லை என்று அர்த்தம்.

சக்கர இடைவெளி நீளமாக இருந்தால் டிரெய்லர் ட்ரக்கை ஆட்டுவது குறையும். ஆறரை அடித் தளமும் பெரிய கேபினும் உள்ள ட்ரக் இழுக்க நன்றாக இருக்கும், நிறுத்தத் தொல்லை தரும். டயரையும் பாருங்கள்: கார் வகை மென்மையான பக்கச்சுவர் டயர் கனமான முன்பாரத்தில் நெளியும்.

படி 6: எந்த வகை, யாருக்கு

1,100 கிலோ ரோட்ஸ்டர், அலுமினியத் திறந்த டிரெய்லர், 150 கிலோ சாமான்: மொத்தம் 1,850. நடுத்தரப் பிக்அப் எதுவும் போதும். இழுவைப் பொதி உள்ள பெரிய எஸ்யூவியும் போதும். இதற்குப் போய்ப் பெரிய ட்ரக் வாங்குவது ஆசைக்காக இருக்கலாம், தேவைக்காக இல்லை.

1,600 கிலோ கார், இரும்புத் திறந்த டிரெய்லர், 250 சாமான்: 2,750. நடுத்தரப் பிக்அப் காகிதத்தில் இழுக்கும். தினமும் நேரான சாலையில் மெதுவாகப் போகிறவர் என்றால் சரி. தூரம் போகிறவர் எஃப்-150, சில்வராடோ 1500, டண்ட்ரா மாதிரி ஹாஃப் டன் வகைக்குப் போங்கள். ஹாஃப் டன் என்பது பழைய காலத்துப் பெயர், இப்போதைய சுமைத்திறனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதே கார், மூடிய டிரெய்லர், 450 சாமான்: 3,800-ஐத் தொடும். முன்பாரம் மட்டுமே 450 கிலோ. ஹாஃப் டன் ட்ரக்கில் முடியும், ஆனால் பேலோடு 800-க்கு மேல் உள்ள வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். குடும்பமும் வரும் என்றால் முக்கால் டன் வகைதான் நிம்மதி. சின்ன ட்ரக்கில் ஏர் ஸ்பிரிங் மாட்டி இதை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். குருவி தலையில் பனங்காய். ஏர் ஸ்பிரிங் ட்ரக்கைச் சமமாக நிற்க வைக்கும், கதவில் உள்ள எண்ணை மாற்றாது.

மின்சார ட்ரக் பற்றி: ரிவியன் ஆர்1டி 11,000 பவுண்ட், சுமார் 5,000 கிலோ இழுக்கும். இழுக்கும் சுகத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் மூடிய டிரெய்லரோடு ஓடும் தூரம் ஏறக்குறைய பாதியாகும், பல சார்ஜிங் இடங்களில் டிரெய்லரைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய முடியும். அரை மணி நேரத் தூரத்திலேயே பந்தயத் தடம் இருப்பவருக்கு அருமை. மற்றவர்கள் பொறுக்கலாம்.

ஓட்டுநர் உரிமத்தையும் ஒரு பார்வை பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண பி உரிமத்தில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர் இழுக்க, கூட்டு எடை 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும். மேலே போனால் கூடுதல் தகுதி. பிரிட்டனில் 2021 டிசம்பரில் விதி தளர்ந்து, கார் உரிமத்திலேயே 3,500 கிலோ டிரெய்லர் வரை இழுக்கலாம் என்றானது.

படி 7: ஹிட்சும் பிரேக்கும்

யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதையாக, பிரேக் கன்ட்ரோலரில் மிச்சம் பிடிக்காதீர்கள். டிரெய்லரில் மின்சார பிரேக் இருந்தால், ட்ரக் எவ்வளவு வேகம் குறைக்கிறதோ அதற்கேற்ப டிரெய்லர் பிரேக்கை இயக்கும் வகை கன்ட்ரோலர் வேண்டும். தொழிற்சாலையிலேயே பொருத்தியிருந்தால் இன்னும் நல்லது. அதில் கையால் அழுத்தும் ஒரு நெம்பு இருக்கும். டிரெய்லர் வாலாட்டினால் ட்ரக் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, அந்த நெம்பை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும்.

எடை பகிரும் ஹிட்ச், முன்பாரத்தில் ஒரு பகுதியை ட்ரக்கின் முன் அச்சுக்கும் டிரெய்லர் அச்சுக்கும் தள்ளும். மூடிய டிரெய்லருக்குக் கட்டாயம் போடுங்கள். ரிசீவரில் குத்திய எண் அதனால் கூடலாம், ஆனால் அது ட்ரக்கின் பேலோடையோ இழுவை வரம்பையோ கூட்டாது.

ஹிட்சில் டிரெய்லர் கொக்கி உட்காரும் உருண்டையான பந்தின் அளவில் கவனம் வேண்டும். இரண்டு அங்குலப் பந்தும், இரண்டே கால் அங்குலத்தைச் சற்றே தாண்டும் பெரிய பந்தும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். பெரிய கொக்கி சின்னப் பந்தில் பூட்டியதுபோலவே உட்காரும், முதல் பள்ளத்தில் துள்ளி வெளியே வரும். பூட்டியபின் டிரெய்லர் ஜாக்கைச் சுற்றிப் பாருங்கள்: கொக்கி பந்தோடு சேர்ந்து ட்ரக்கின் பின்பக்கத்தையும் தூக்க வேண்டும். தூக்காமல் கொக்கி மட்டும் மேலே வந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்.

படி 8: பழைய ட்ரக் வாங்கினால்

இழுவைப் பொதி உண்மையிலேயே இருக்கிறதா என்று வண்டி எண்ணை வைத்து விசாரியுங்கள். பின்னால் ஒரு ரிசீவரை யாரும் போல்ட் போட்டுவிடலாம். பெரிய ரேடியேட்டர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர், அச்சு விகிதம் ஆகியவை தொழிற்சாலையில் வருபவை. கியர்பாக்ஸ் ஆயிலைத் தொட்டு மோந்து பாருங்கள். கருத்து, கருகிய வாசனை அடித்தால் அந்த வண்டி நிறைய இழுத்திருக்கிறது, சரியாகப் பராமரிக்கப்படவில்லை. ரிசீவரில் ஹிட்சைப் பூட்டும் ஊசி நுழையும் துளை வட்டமாக இருக்கிறதா, நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். சட்டகத்தில் துரு, பின் ஸ்பிரிங் தாழ்வு, ஏழு முனை மின் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்பதெல்லாம் ஐந்து நிமிட வேலை. நிறைய இழுத்த ட்ரக் கெட்டது என்று சொல்லவில்லை. இழுத்து, ஒழுங்காக ஆயிலும் மாற்றிய வண்டி பரவாயில்லை.

படி 9: முதல் ஏற்றம், முதல் எடை

காரை ஏற்றும்போது எடை முதலில் டிரெய்லரின் வாலில் விழும். வால் இறங்கும், முன்முனை எழும், கூடவே ட்ரக்கின் பின் சக்கரங்கள் லேசாகிவிடும். கியரைப் பார்க் (P) நிலையில் போட்டு நிறுத்திய ட்ரக் அந்தப் பின் சக்கரங்களால்தான் நிற்கிறது என்பதை மறந்தால் எல்லாம் சேர்ந்து நகர ஆரம்பிக்கும். டிரெய்லர் வாலுக்கு அடியில் முட்டுக் கொடுங்கள், ட்ரக் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், ஹேண்ட்பிரேக் போடுங்கள், அப்புறம் காரை நகர்த்துங்கள்.

கட்டுவதற்குச் சக்கரங்களைச் சுற்றிப் பிடிக்கும் ராட்செட் பெல்ட்களையே நான் விரும்புகிறேன். காரின் உடம்பையோ மெல்லிய சஸ்பென்ஷன் கைகளையோ பிடித்து இழுத்தால் ஸ்போர்ட்ஸ் காரில் ஏதாவது வளையும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி பெல்ட், ஒவ்வொன்றிலும் எழுதியுள்ள வேலைச்சுமை வரம்பைப் பார்த்து. 20 கி.மீ. ஓடியபின் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள். முதல் சில கிலோமீட்டரில் எல்லா பெல்ட்டும் கொஞ்சம் தளரும்.

அடுத்து எடைமேடை. ஆள், எரிபொருள், சாமான் எல்லாம் ஏறிய ட்ரக்கை மட்டும் ஒரு முறை. டிரெய்லர் மாட்டி, எடை பகிரும் கம்பிகளை விடுவித்து, ட்ரக் சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்கும்படி இரண்டாம் முறை. எல்லாச் சக்கரங்களும் மேடையில் மூன்றாம் முறை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் முன்பாரம். மூன்றாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் டிரெய்லர் எடை. இரண்டாவது எண்ணை ட்ரக்கின் மொத்த எடை வரம்போடும், மூன்றாவதைக் கூட்டு வரம்போடும் ஒப்பிடுங்கள். பின் அச்சை மட்டும் தனியாக நிறுத்தி எடுக்க மேடைக்காரர் விட்டால் அதையும் எடுத்துவிடுங்கள். அந்தச் சீட்டுகளை நான் ட்ரக்கின் கையுறைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். சாமான் மாறும்போதெல்லாம் புதிதாக ஒரு முறை ஏற்றிவிடுவேன்.